ஒவ்வாமையா, எதிர்வினையா? சிலிக்கோன் மூட்டுகளும் உடலின் இழையங்களும்



மொழிக்கான சொற்பொழிவு வரிசையில் செயற்கை மூட்டுகளைப் பற்றி ஒரு மொழியியலாளன் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். சொற்களின் பிறப்பையும் பொருளையும் ஆராய்வதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. ஆயினும், பொருந்தாத சொல் ஒன்றைத் தேர்ந்ததால் என் தமக்கையாரின் கைக்கு நேர்ந்த கேட்டை அருகிலிருந்து கண்டவன் என்ற முறையில் இதைப் பற்றிப் பேச எனக்குக் கடமை உண்டு. அந்தச் சொல்லைத் தேர்ந்தவன் நானே. ஆகவே இவ்வுரையில் இரண்டு செய்திகளை விளக்க விழைகிறேன். மூட்டுக்குள் வைக்கப்படும் சிலிக்கோனை உடலின் இழையங்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பது முதற்செய்தி. அதனைத் தமிழில் எவ்வாறு சொன்னால் நோயாளிக்குச் சரியாகச் சென்று சேரும் என்பது இரண்டாவது.

ஒரு சொல்லின் விளைவு

நாங்கள் கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர்கள். என் அக்கா எனக்குப் பதினைந்து ஆண்டுகள் மூத்தவர். பதினாறு வயதில் பிரட்டுக்குப் போகத் தொடங்கி, விடியுமுன் பால்வெட்டி, மங்குகளைத் துடைத்து, பால் சுமந்து என்னைப் படிக்க வைத்தவர். நாற்பது வயதைக் கடந்தபோது அவருடைய வலக்கைப் பெருவிரலின் அடிமூட்டு தேய்ந்து, உளியைப் பிடிக்கவே இயலாத வலி உண்டாயிற்று. 1986ஆம் ஆண்டு, பெருவிரலின் அடியில் உள்ள சிறிய மணிக்கட்டெலும்பை அகற்றிவிட்டு, அதே வடிவில் செய்த சிலிக்கோன் துண்டு ஒன்றை அறுவை மருத்துவர் பொருத்தினார். வலி நீங்கியது. நான்காண்டுகள் நலமாகவே கழிந்தன.

ஐந்தாம் ஆண்டில் அவ்விடம் வீங்கியது. மருத்துவர் கையைச் சோதித்து, இது சிலிக்கோனுக்கு எதிரான 'டிஷ்யூ ரியாக்‌ஷன்' ஆக இருக்கலாம் என்றும், எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து மூன்று மாதத்திற்கு ஒருமுறை வரவேண்டும் என்றும் ஆங்கிலத்தில் கூறினார். மொழிபெயர்க்க நான் உடன் சென்றிருந்தேன். தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற தம்பி, சற்றும் தயங்காமல் சொன்னேன்: "அக்கா, உள்ளே வெச்சது உடம்புக்கு ஒவ்வாமையாம். படம் எடுத்துப் பார்க்கணுமாம்."

அக்கா தலையசைத்தார். வீட்டுக்குச் சென்றதும் கருவாட்டை நிறுத்தினார். கத்தரிக்காய், இறால், நண்டு ஆகியவற்றையும் விலக்கினார். பிறகு தக்காளியையும் விட்டார். பத்தியம் இருந்தால் ஒவ்வாமை தணியும் என்பது அவர் நம்பிக்கை. எக்ஸ்-ரே எடுக்கச் செல்லவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. பதினோரு மாதங்கள் கழித்து வலி தாங்காமல் சென்றபோது, சிலிக்கோனை அடுத்திருந்த எலும்புகளில் குமிழ்களைப் போன்ற வெற்றிடங்கள் தோன்றியிருந்ததைப் படம் காட்டியது.

அக்கா தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் கொடுத்த சொல்லை மிகச் சரியாகவே புரிந்துகொண்டார். அச்சொல் அவருக்குக் காட்டிய வழியில் அவர் நடந்தார். வழிதான் தவறானது.

சிலிக்கோன் என்பது யாது?

முதலில் மூன்று சொற்களைப் பிரித்தறிவோம். சிலிக்கான் என்பது ஒரு தனிமம். கணினிச் சில்லுகள் அதனால் ஆனவை. சிலிக்கா என்பது அத்தனிமமும் ஆக்சிசனும் சேர்ந்த பொருள். கடற்கரை மணலில் மிகுந்திருப்பது. சிலிக்கோன் என்பது மனிதன் ஆக்கிய நெடுந்தொடர்ச் சேர்மம். சிலிக்கான் அணுவும் ஆக்சிசன் அணுவும் மாறி மாறிக் கோக்கப்பட்ட சங்கிலி அதன் முதுகெலும்பு. ஒவ்வொரு சிலிக்கான் அணுவின் பக்கங்களிலும் கரிமத் தொகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து, வலிமைக்காக நுண்ணிய சிலிக்காத் தூளையும் கலந்தால் ரப்பரைப் போன்ற நெகிழ்பொருள் கிடைக்கும்.

சிலிக்கோன் என்ற பெயரே ஒரு தவறான ஒப்புமையில் பிறந்தது என்பது மொழி மாணவர்க்குச் சுவையான செய்தி. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பணியாற்றிய வேதியியலறிஞர் ஃபிரெடரிக் கிப்பிங், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சேர்மங்களை ஆராய்ந்தார். கீட்டோன் எனப்படும் கரிமச் சேர்மங்களின் வாய்பாட்டை இவை ஒத்திருந்தமையால் அப்பெயரைத் தழுவிச் சிலிக்கோன் என்று அழைத்தார். கட்டமைப்பில் இவை கீட்டோன்கள் அல்ல என்பது தெளிவான பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது. பெயரில் உள்ள பிழை பொருளுக்குக் கேடு செய்யாத இடம் இது. எல்லா இடங்களிலும் அவ்வாறு நிகழ்வதில்லை.

நம் தோட்டங்களில் வடிந்த ரப்பர்ப் பாலோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். மரத்து ரப்பரின் முதுகெலும்பு கரிம அணுக்களால் ஆனது. அதில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிசனும் ஓசோனும் தாக்குவதால், நாளடைவில் அது வெடித்துப் பிசுபிசுத்துப் போகும். சிலிக்கான்–ஆக்சிசன் சங்கிலி அவ்வாறு எளிதில் தாக்குறுவதில்லை. வெப்பத்தையும் தாங்கும், உடலின் நீர்மங்களிலும் பெரிதும் மாறாதிருக்கும். எனவேதான் உடலுக்குள் வைக்கத்தக்க மந்தமான பொருள் என்று மருத்துவ உலகம் அதனை வரவேற்றது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. வளைப்பதையும் அமுக்குவதையும் அது தாங்கும். கூர்மையான விளிம்பு பட்டு மேற்பரப்பில் சிறு கீறல் விழுந்துவிட்டாலோ, அக்கீறல் விரைந்து பரவும்.

முள்ளைச் சூழ்ந்த உயிரணுக்கள்

அயற்பொருள் ஒன்று உள்ளே புகுந்தால் உடல் என்ன செய்கிறது? இக்கேள்விக்கு முதல் தெளிவான விடை ஒரு முள்ளிலிருந்து கிடைத்தது. 1882ஆம் ஆண்டு, இத்தாலியின் மெசினா நகரில் தங்கியிருந்த உருசிய அறிவியலறிஞர் இல்யா மெச்னிக்கோவ், உடல் கண்ணாடிபோலத் தெளிந்த நட்சத்திர மீன் இளவுயிரி ஒன்றில் ரோசா முட்களைச் செருகினார். மறுநாட் காலையில் உருப்பெருக்கியால் நோக்கியபோது, நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அயற்பொருளை விழுங்கிச் செரிக்கும் உயிரணுக்கள் உடலில் உண்டு என்னும் கொள்கை அங்கிருந்து வளர்ந்தது. 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. காலில் தைத்த முள்ளை எடுக்காமல் விட்டால் அவ்விடம் சிவந்து கட்டிக்கொள்வதைத் தோட்டத்துப் பிள்ளைகள் யாவரும் அறிவோம். மெச்னிக்கோவ் கண்டது அதன் உள்காட்சி.

இன்றைய அறிவின்படி நிகழ்ச்சிகளின் வரிசை பின்வருமாறு அமையும். பொருள் உள்ளே வைக்கப்பட்ட சிறிது நேரத்திலேயே குருதிப் புரதங்கள் அதன் மேற்பரப்பில் படிகின்றன. பின்னர் வெள்ளணுக்கள் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து பெருவிழுங்கணுக்கள் வந்து சூழ்ந்து, பொருளை விழுங்க முயல்கின்றன. விழுங்க இயலாத அளவுக்குப் பொருள் பெரிதாயின், பல விழுங்கணுக்கள் ஒன்றாய்க் கலந்து பல உட்கருக்களைக் கொண்ட பேரணுவாகின்றன. அதற்கும் அடங்காத பொருளைச் சுற்றி நாரிழைகள் நெய்யப்பட்டு, மெல்லிய உறை ஒன்று உருவாகிறது. அழிக்க முடியாததை உடல் வேலியிட்டு ஒதுக்கி வைக்கிறது எனலாம்.

இந்த உறையைத் தடையாகக் கருதாமல் துணையாகக் கொண்டவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து அறுவை மருத்துவர் ஆல்ஃபிரெட் சுவான்சன். முடக்குவாதத்தால் சிதைந்த விரல் மூட்டுகளுக்கு 1960களில் அவர் சிலிக்கோன் மூட்டை வடிவமைத்தார். நடுவில் வளையும் பகுதி. இருபுறமும் எலும்பின் மச்சைக் குழாய்க்குள் நுழையும் தண்டுகள். அத்தண்டுகளைப் பசையாலோ திருகாணியாலோ அவர் பிணிக்கவில்லை. விரல் மடங்கும்போது அவை குழாய்க்குள் சற்றே முன்னும் பின்னும் வழுக்கும். அதனால் விசை ஓரிடத்தில் குவியாமல் பரவும். மூட்டை உண்மையில் நிலைநிறுத்துவது அதனைச் சுற்றி உடல் நெய்யும் நாருறையே. ஆகவே அறுவை முடிந்த சில நாட்களிலேயே, மீள்விசையுள்ள தாங்கியைக் கையில் கட்டி விரல்களை அசைக்கச் செய்வார். இளம் உறை அசைவின் போக்கிலேயே உருப்பெறும். சிலிக்கோன் துண்டும் அதனைச் சூழும் உறையும் சேர்ந்தவையே மூட்டு என்பது அவருடைய கருத்து.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. இழையங்களின் எதிர்வினை இல்லையேல் சிலிக்கோன் மூட்டே இல்லை. எதிர்வினை என்றாலே கேடு என்று கொள்வது பிழை.

கட்டியும் துகளும்

எனில், என் தமக்கையாரின் எலும்பில் வெற்றிடம் தோன்றியது எதனால்? பொருள் மாறவில்லை; அதன் வடிவம் மாறியது. வழவழப்பான ஒரே துண்டாக இருந்தவரை சிலிக்கோனை உடல் உறையிட்டு ஒதுக்கியது. எலும்போடு உரசி உரசி அது தேய்ந்தபோது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்ந்தன. துண்டை விழுங்க இயலாத விழுங்கணுக்களால் துகளை விழுங்க முடியும். விழுங்கிய துகளைச் செரிக்க மட்டும் முடியாது. செரிக்க இயலாத பொருளை வயிற்றில் சுமந்த விழுங்கணு, துணைக்கு மற்ற உயிரணுக்களை அழைக்கும் வேதிச் செய்திகளை வெளியிடுகிறது. மூட்டின் உட்சவ்வு தடித்து வீங்குகிறது. இதுவே சிலிக்கோன் துகளால் வரும் மூட்டுச்சவ்வழற்சி.

கேடு அங்கேயே நிற்பதில்லை. நம் எலும்பு அசையாத கல் அன்று. பழைய எலும்பை அரிக்கும் உயிரணுக்களும் புதிய எலும்பை ஆக்கும் உயிரணுக்களும் அதில் இடைவிடாது தொழிற்படுகின்றன. விழுங்கணுக்கள் விடுக்கும் அதே வேதிச் செய்திகள், எலும்பை அரிக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன. ஆக்குவதைவிட அரிப்பது மிகும்போது எலும்பில் வெற்றிடங்கள் பிறக்கின்றன. அவற்றுள் துகள் சுமந்த இழையம் நிறைகிறது. எலும்பைச் சிலிக்கோன் நேராக அரிப்பதில்லை. துகளைக் களைய முயலும் உடலின் உழைப்பே எலும்பை அரிக்கிறது.

கட்டியாக இருக்கையில் அடங்கிக் கிடக்கும் பொருள் துகளானதும் தொல்லை தருவது சிலிக்கோனுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் லங்காஷயரில் செயற்கை இடுப்பு மூட்டை உருவாக்கிய ஜான் சார்ன்லி, 1950களின் பிற்பகுதியில் டெஃப்லானால் ஆன கிண்ணங்களைப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளில் அவை தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் கடுமையான இழைய எதிர்வினையைத் தூண்டின. உண்மையை அறிய அவர் டெஃப்லானையும் அடர் பாலிஎத்திலீனையும் தம் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார். மாதங்கள் கடந்தபின் டெஃப்லான் வைத்த இடத்தில் முடிச்சுகள் கைக்குத் தட்டுப்பட்டன. தம் உடலில் கண்டதை அவர் 1963இல் மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1962இல், பாலிஎத்திலீன் கிண்ணங்களுக்கு மாறியிருந்தார். பின்னாளில் பாலிஎத்திலீன் துகளும் மெல்ல மெல்ல எலும்பை அரிக்க வல்லது என்பது தெரியவந்தது.

விரலும் மணிக்கட்டும்

விரல் மூட்டுச் சிலிக்கோனுக்கு இத்தகைய எதிர்வினை ஏற்பட்டதை 1974ஆம் ஆண்டே மருத்துவ ஏடுகள் பதிவு செய்தன. 1977இல் வேறொரு செய்தி வெளிவந்தது. துகள்கள் நிணநீரின் வழியே பயணம் செய்து நிணநீர்க் கணுக்களில் தங்கி, அவற்றை வீங்கச் செய்யக்கூடும். விரலில் செயற்கை மூட்டு உள்ளவர்க்கு அக்குளில் கட்டி தோன்றினால் புற்றுநோயோ என்ற அச்சம் எழுவது இயல்பு. இழையத்தை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும்போது, பேரணுக்களுக்குள் ஒளியை முறிக்கும் துகள்கள் தென்பட்டால் காரணம் விளங்கும். பாலிஎத்திலீன் துகள் முனைவுற்ற ஒளியில் பளிச்சிடும். சிலிக்கோன் துகள் அவ்வாறு பளிச்சிடுவதில்லை. இந்த வேறுபாடு நோய்க்குறியியல் வல்லுநர்க்குத் துணை செய்கிறது. 'என் விரலில் சிலிக்கோன் இருக்கிறது' என்று நோயாளி ஒரு சொல் சொன்னால் பாதி ஐயம் அப்போதே தீரும். அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரேனும் முன்னரே அறிவித்திருக்க வேண்டும்.

எல்லாச் சிலிக்கோன் மூட்டுகளும் ஒரே அளவில் தேய்வதில்லை. உள்ளங்கையும் விரல்களும் சேரும் கணு மூட்டுகளில் சிலிக்கோன் பெரும்பாலும் வளைகிறது. மணிக்கட்டின் சிற்றெலும்புகளுக்கு மாற்றாக வைத்த சிலிக்கோனோ, ஒவ்வொரு பிடியிலும் அமுக்கப்படுகிறது. அண்டை எலும்புகள் அதனைத் தேய்க்கின்றன. எனவே எலும்பில் வெற்றிடங்கள் மணிக்கட்டிலேயே மிகுதியாகக் காணப்பட்டன. 1980களில் இத்தகைய அறிக்கைகள் பெருகவே, மணிக்கட்டின் சிற்றெலும்புகளுக்குச் சிலிக்கோன் வைக்கும் வழக்கத்தை மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டனர். முடக்குவாதத்தால் சிதைந்த விரற்கணுக்களுக்கோ சிலிக்கோன் மூட்டு இன்றும் பயன்படுகிறது. அங்கே அது முறிந்து போவதும் உண்டு. ஆயினும் சுற்றியுள்ள நாருறை தாங்குவதால், முறிந்ததையே அறியாமல் விரலை மடக்கி நீட்டி வாழ்பவர்கள் பலர். கிழிபடும் தன்மையைக் குறைக்க வலுவூட்டிய சிலிக்கோன் 1970களில் வந்தது. எலும்பின் கூர்விளிம்பு படாதிருக்க டைட்டானியக் காப்பு வளையங்களும் பின்னர் வந்தன.

சவ்வழற்சி முற்றினால் செய்ய வேண்டியவை இவை: சிலிக்கோனை அகற்றுதல், வீங்கிய சவ்வை வெட்டி நீக்குதல், எலும்பின் வெற்றிடங்களைச் சுரண்டித் தூய்மைப்படுத்தி வேறிடத்து எலும்பால் நிரப்புதல். வலி தோன்றுமுன்னரே படத்தில் மாற்றம் தென்படக்கூடும். அதனால்தான் குறித்த காலத்தில் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்கிறார்கள். என் தமக்கையார் தவறவிட்டது இந்த வாய்ப்பையே.

நான்கு சொற்கள், நான்கு வழிகள்

இனிச் சொல்லுக்கு வருவோம். மூட்டு வீங்கினால் தமிழில் நாம் எளிதில் எடுத்தாளும் சொற்கள் நான்கு: தொற்று, ஒவ்வாமை, நிராகரிப்பு, அழற்சி. பேச்சில் இவை ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருகின்றன. மருத்துவத்திலோ ஒவ்வொன்றும் நோயாளியை வெவ்வேறு வழியில் அனுப்புகிறது.

தொற்று என்றால் நுண்ணுயிர் புகுந்துள்ளது; மருந்து கொடுத்து அதனை அழிக்க வேண்டும்; காலந்தாழ்த்துவது ஆபத்து. ஒவ்வாமை என்றால், பிறர்க்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை இவருடைய தடுப்பாற்றல் பகையாகக் கொண்டுள்ளது. அப்பொருளை விலக்க வேண்டும். நிராகரிப்பு என்பது பிறருடைய உறுப்பை மாற்றி வைக்கும்போது, அதன் புரத அடையாளத்தைக் கண்டு உடல் தாக்குவது. அதனை அடக்க மருந்து வேண்டும். அழற்சி என்பது நோயின் பெயரன்று. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எனத் தோன்றும் உடலின் செயல். மேற்சொன்ன மூன்றிலும் அழற்சி உண்டு; தேய்ந்த சிலிக்கோன் துகளாலும் அழற்சி உண்டு. ஆனால் துகளால் வரும் அழற்சி அம்மூன்றில் எதுவும் அன்று. கருவாட்டை விட்டால் துகள் குறையாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அதனை நீக்காது. அது குறைய வேண்டுமாயின் தேய்வு நிற்க வேண்டும்.

ஒவ்வாமை என்ற சொல்லை நான் ஏன் தேர்ந்தேன்? ஒவ்வு என்னும் வினையடி பொருந்துதலைக் குறிக்கும். எதிர்மறை இடைநிலை சேர்ந்து ஒவ்வாமை ஆகும்போது பொருந்தாமை என்று பொருள்படும். வைத்த பொருள் உடலுக்குப் பொருந்தவில்லை. எனவே ஒவ்வாமை என்று எண்ணினேன். சொற்பிறப்பின்படி அது தவறன்று. ஆனால் சொல் தன் பிறப்பில் வாழ்வதில்லை, வழக்கில் வாழ்கிறது. வழக்கில் ஒவ்வாமை என்றதும் நம் மக்கள் மனத்தில் உணவும் தடிப்பும் அரிப்பும் பத்தியமுமே எழுகின்றன. ஆங்கிலத்தில் 'அலர்ஜி' என்ற சொல்லும் இதே போக்கை அடைந்தது. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே 1906இல் அதனை ஆக்கியபோது, உடலின் மாறுபட்ட வினையாற்றல் முழுவதையும் குறிக்கவே கருதினார். வழக்கு அதன் பொருளைச் சுருக்கிவிட்டது. அக்காவிடம் நான் அகராதிப் பொருளில் பேசினேன். அவர் வழக்குப் பொருளில் கேட்டார். நோயாளியின் முன் வழக்கே வெல்லும்.

எதிர்வினை என்ற சொல்லைச் சிலர் ஏற்பதில்லை. எதிர் என்னும் பகுதி பகைமையை உணர்த்துகிறது என்பர். தமிழில் எதிர் என்பதற்குப் பகைமை ஒரு பொருள் மட்டுமே. எதிரொலி பகையொலி அன்று. எதிர்காலம் பகைக்காலம் அன்று. படையை எதிர்கொள்வது உண்டு. விருந்தினரை எதிர்கொண்டு அழைப்பதும் உண்டு. முன்னே வருவதை நோக்கி நிற்றலே அதன் அடிப்பொருள். நாருறை நெய்து சிலிக்கோனைத் தாங்குவதும் எதிர்கொள்ளல். துகளைக் களைய முயன்று எலும்பை இழப்பதும் எதிர்கொள்ளல். இரண்டுக்கும் இடந்தரும் சொல் என்பதாலேயே எதிர்வினை இங்குப் பொருந்துகிறது. மலாய் மொழியிலும் இதற்கு வழங்கும் 'திண்டாக் பாலாஸ்' என்பது செயலும் மறுமொழியும் சேர்ந்த தொடரே. பகைமை அதில் இல்லை.

முன்னோர் ஆக்கிய சொற்கள்

இத்தகைய நுட்பங்களுக்குத் தமிழில் சொல் இல்லை என்போர் உண்டு. 1800ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு உடற்கூற்றறிஞர் பிஷா, உறுப்புகள் அனைத்தும் சிலவகை நெசவுகளால் ஆனவை என்று கண்டு, நெய்யப்பட்டது என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லால் அவற்றைக் குறித்தார். அதிலிருந்து ஆங்கிலத்தின் 'டிஷ்யூ' நிலைபெற்றது. நாம் அதனைத் திசு என்று ஒலிபெயர்த்து வழங்குகிறோம். இலங்கைத் தமிழர் இழை என்னும் அடியிலிருந்து இழையம் என்ற சொல்லை வழங்குகின்றனர். மூலச்சொல்லின் நெசவுப் படிமம் அதில் அப்படியே நிற்கிறது. இவ்வுரையில் நான் இழையம் என்றே எழுதியதன் காரணமும் அதுவே. அழற்சியும் அத்தகையதே. இலத்தீனச் சொல்லில் தீ உள்ளது. தமிழ்ச்சொல்லில் அழல் உள்ளது. மூட்டுகளில் தங்கி அவற்றை நெகிழ்வோடு பிணைத்து நிற்கும் ஐயத்துக்குச் சித்த மருத்துவர் சந்திகம் என்று பெயரிட்டனர். இன்றைய மூட்டுநீரும் அதுவும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. ஆயினும் மூட்டுக்கு உயவு வேண்டும் என்பதை உணர்ந்து அதற்கொரு பெயரும் இட்ட மரபு நம்முடையது.

1847இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். தமிழ் தாய்மொழியல்லாத ஒருவர் அவ்வுழைப்பை மேற்கொண்டது, நோயாளியின் மொழியில் பேசாத மருத்துவம் பாதி மருத்துவமே என்று அவர் உணர்ந்தமையால்தான் என்பது என் கருத்து.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

இந்த அவையில் அமர்ந்துள்ள மாணவச் செல்வங்களே, நாளை உங்கள் பாட்டியோடு மருத்துவமனைக்குச் செல்லப்போவது நீங்கள்தாம். மருத்துவர் ஆங்கிலத்திலோ மலாயிலோ சொல்வார்; பாட்டி உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்த நேரத்தில் அழகிய ஒற்றைச் சொல்லைத் தேடாதீர்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உள்ளே என்ன நடக்கிறது? அது எதனால் நடக்கிறது? நாங்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யத் தேவையில்லை? மூன்றுக்கும் விடை கிடைத்தபின், அவற்றைப் பாட்டி பேசும் தமிழில் முழு வாக்கியங்களாகச் சொல்லுங்கள். சொல்லியபின், அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இந்த நான்காவது செயலை நான் அன்று செய்திருந்தால், கருவாட்டுச் செய்தி அன்றே வெளிவந்திருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கலைச்சொல்லைக் கற்பிக்கும்போது அதன் பொருளோடு நிறுத்திவிடாதீர்கள். அதனை அடுத்து நிற்கும் சொல்லிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்பதையும் கற்பியுங்கள். ஒவ்வாமை என்ற சொல்லை அறிந்த மாணவன், எது ஒவ்வாமை அன்று என்பதையும் அறிந்தால்தான் அச்சொல் அவனுக்கு வயப்பட்டதாகும்.

அறுவைக்கு முந்தின நாள் மாலை அக்காவின் கட்டிலருகே அமர்ந்து மீண்டும் விளக்கினேன். இம்முறை கலைச்சொல் ஏதும் இல்லை. "அக்கா, உள்ளே வெச்ச ரப்பர் எலும்போட உரசித் தேஞ்சு தூளா கொட்டுது. அந்தத் தூளைத் தின்னு சுத்தம் பண்ண உடம்புல இருக்கிற அணுக்கள் வருது. தின்ன முடியாம தவிக்கிற தவிப்புல பக்கத்து எலும்பு அரிச்சுப் போவுது. ரப்பரை எடுத்துட்டா தூள் நின்னுடும்."

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நான் சாப்பிட்டதால வந்தது இல்லையா தம்பி?"

தம் நாவின் குற்றம் என்று பதினோரு மாதங்களாகத் தம்மையே நொந்துகொண்டிருந்திருக்கிறார். எலும்பின் வெற்றிடங்களை மருத்துவர் இடுப்பெலும்பால் நிரப்பினார். வலி குறைந்தது, பெருவிரலின் பிடிவலிமை முழுமையாகத் திரும்பவில்லை. அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. சொல்லின் பொருளைப் பிறர்க்குக் கற்பிக்கும் ஒவ்வொருவரும் அதனை நினைவிற்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இங்குச் சொன்னேன்.